இருமலோடு வந்தவர்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முன், கொக்குவிலில் என் மாமியாரோடு இருந்தேன். கணவருக்கு அனுராதபுரத்தில் ரயில்வே உத்தியோகம். மகளுக்கு எட்டு மாதம். பெரியம்மை வராமல் இருக்க எல்லாக் குழந்தைகளுக்கும் அம்மைப்பால் குத்தவேண்டும் என்று கிராமத்துத் தலைமைக்காரரான விதானையார் வீடு வீடாகச் சொல்லிப் போனார்.

மாமிக்கு அதில் நம்பிக்கையே இல்லை. "மாட்டுக் கண்டுக்குட்டியின்ரை சீழை எடுத்துப் பச்சைப் பிள்ளையின்ரை கையிலை ஏத்துறாங்கள். உதிலை என்ன கலந்திருக்கோ, ஆருக்குத் தெரியும்?" என்றார். எனக்கும் பயம்தான். ஆனால் பெரியம்மையில் ஒரு கண்ணை இழந்த ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி எனக்கு இருந்தாள். அவளை நினைத்துக்கொண்டு அம்மைப்பால் குத்துகிற பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைத் தூக்கிப் போனேன்.

குத்துகிறவர் ஒல்லியான மனிதர். கண்கள் சிவந்திருந்தன. மூக்கைத் துடைத்துத் துடைத்துக் கையிலிருந்த லேஞ்சி நனைந்துபோயிருந்தது. மகளின் கையைக் கீறும்போது இரண்டு தரம் அவள் முகத்துக்கு நேரே இருமினார்.

மூன்றாம் நாள் பிள்ளைக்கு நெருப்பாய்க் காய்ச்சல். பால் குடிக்கவில்லை; இருமி இருமித் துவண்டாள். "சொன்னனான், கேட்டியே பிள்ளை?" என்று மாமி அழுதார். என்னையே நான் திட்டிக்கொண்டேன். ஊசியில் ஏதோ இருந்திருக்கிறது என்றுதான் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீடுகளிலும் கதை.

பிறகு நான் காய்ச்சலில் விழுந்தேன். மறுநாள் மாமி. அடித்துப் போட்ட மாதிரி உடம்பு உளைந்தது. கொத்தமல்லி அவித்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: மாமிக்கு யாரும் ஊசி குத்தவில்லையே! ஊசிக்குப் பயந்து தன் பிள்ளைகளை ஒளித்துவைத்த பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதே காய்ச்சல்.

எட்டாம் நாள், குத்தின இடம் பழுத்திருக்கிறதா என்று பார்க்க அந்த மனிதர் படலையைத் திறந்து வந்தார். அதற்குள் மகளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. உடம்பு தேறாமலே மாமி எழும்பிப் போய் அவரை முற்றத்திலேயே மறித்தார்.

"அங்கையே நில்லும் தம்பி. எங்கடை பிள்ளைக்கு என்னத்தைக் குத்தினனீர்?"

"அம்மைப்பால்தான் அம்மா. அதுக்குக் கை வீங்கும், லேசாய் உடம்பு காயும். இருமல் வராது."

"அப்ப இருமல் எங்கையிருந்து வந்தது?" என்று நான் கேட்டேன். "அண்டைக்கு நீங்கள் இருமினதைப் பாத்தனான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னாலைதான் தங்கச்சி. எனக்கு இன்புளுவன்சா. வெறும் மூக்கொழுகுற தடிமன் எண்டு நினைச்சு வேலைக்கு வந்திட்டன். எழும்பேலாமல் விழுந்த பிறகுதான் டொக்டர் சொன்னார், இருமலாலை தொத்துற காய்ச்சலாம்."

"உந்தக் காய்ச்சலுக்கு ஊசி இல்லையோ?" என்றார் மாமி.

"எங்களிட்டை இல்லை அம்மா."

மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பொய்க்காரன் எண்டால் தன்ரை பிழையை ஒத்துக்கொண்டிருக்க மாட்டான்" என்று மெல்லச் சொன்னார். மகளின் கையைப் பார்க்க விட்டார். அம்மைப்பால் நன்றாகப் பிடித்திருந்தது.

அன்றே மாமி வேலிக்கு மேலால் விஷயத்தை ஒழுங்கை முழுக்கப் பரப்பிவிட்டார். அடுத்த மாதம் குத்துகிறவர் மறுபடி வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளைகளைக் கொண்டுவந்தாள். மாமியும் வந்தார். சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் இறுக்கப் பொத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டினார்.

"முதல்லை சொல்லும், இண்டைக்குத் தடிமன் இருக்கோ?"

"இல்லை அம்மா."

"எங்கை, மூச்சை இழுத்துக் காட்டும்."

அவர் இழுத்துக் காட்டிய பிறகுதான் குத்தவிட்டார்.