சங்கிலி மெசினுக்குத் தோணி வைத்தியம்

யோசெப் ஒருமுறை தோணியின் அடிப்பலகையில் விழுந்த ஓட்டையைப் பெருவிரலால் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் துடுப்புப் போட்டு, வங்கக்கடலைப் பாதி தாண்டிக் கரை சேர்ந்தவர். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். பாதிக் கடல் அல்ல, கூப்பிட்டால் கேட்கிற தூரம். பெருவிரலும் அல்ல, மனைவி புனிதம் சோறு கட்டிக் கொடுத்த துணி. ஆனால் ஓட்டை உண்மை.

தொண்ணூற்றாறில் சண்டைக்குப் பயந்து முல்லைத்தீவுக் கரையை விட்டு ஓடியபோது, சைக்கிளில் ஏறக்கூடியதைத்தான் எடுக்கலாம் என்று ஆனது. புனிதம் தன் தையல் மெசினைக் காட்டினாள். யோசெப் தகப்பன் காலத்து வலையின் தலைக்கயிற்றைச் சுருட்டி ஏற்றினார். பருத்தி நூலில் முறுக்கியது. நைலோன் வந்த பிறகு கடலில் ஒருவரும் தொடாத கயிறு. காட்டுக்குள் அதை வைத்து என்ன பிடிப்பதாக உத்தேசம் என்று புனிதம் ஒட்டுசுட்டான் வரைக்கும் கேட்டுக்கொண்டே நடந்தாள். யோசெப் தலையைக் குனிந்து தள்ளினார். சைக்கிள் உருட்டுகிறவனுக்கு மூச்சு முக்கியம்.

தர்மபுரத்தில் மாயாண்டி தன் வீட்டு வளவில் அவர்களுக்குக் கொட்டில் போட இடம் கொடுத்தார். மலைநாட்டிலிருந்து வந்து, காடு வெட்டி, குளத்துக்குக் கீழே வயல் எடுத்த மனுசன். அந்த வயல்தான் இரண்டு குடும்பத்துக்கும் வருசச் சோறு. முதல் மாரியிலேயே குளக்கட்டு உடைந்தது. அடுத்த மாரிக்குள் அடைக்காவிட்டால் வயல் முதலில் மூழ்கும், பிறகு காயும். இரண்டு விதமாகவும் பட்டினி கிடக்கலாம்.

கட்டுக்கு மண் தள்ள இருந்தது விவசாயிகள் சங்கத்தின் சங்கிலி மெசின் மட்டும்தான். வெள்ளைக்காரன் காலத்தில் காடு அழிக்க வந்து, திரும்பிப் போக மறந்துவிட்ட உழவு இயந்திரம் அது. சக்கரத்துக்குப் பதிலாக இரும்புச் சங்கிலிப் பட்டை, முன்னால் மண் தள்ளும் தகடு. அதன் மனநிலை அறிந்து ஓட்டக்கூடியவர் மாயாண்டி ஒருவர்தான். கோளாறு என்னவென்றால், எஞ்சினுக்குள்ளிருந்து சுழல்தண்டு வெளியே எட்டிப் பார்க்கும் இடத்தில் ஒயில் ஒழுகியது. ஒழுகியது என்பது மரியாதைக்கு. குழந்தைப்பிள்ளை மாதிரிப் பெய்தது.

அந்த இடத்துக்குப் போடும் வளையம் வவுனியாக் கடைகளில் தொங்கியிருக்கும். ஆனால் சவர்க்காரக் கட்டிக்கே விளக்கம் கேட்கிற இராணுவச் சோதனைச்சாவடி வழியாக அதை யார் கொண்டுவருவது? சங்கத்திடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கான் ஒயில். தலைவர் செல்வநாயகம் அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக் காவல் காத்தார். மனைவி கமலாட்சியை அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்ததாகத் தகவல் இல்லை.

இந்த நிலையில்தான் யோசெப் எழும்பினார். ஒரு வருசமாகக் கடலும் இல்லை, பெருமை பேச ஒரு அலையும் இல்லை.

"ஒழுக்கு எண்டால் ஒழுக்குத்தான். உள்ளுக்கு வந்தாலென்ன, வெளியில போனாலென்ன? கடலையே வெளியில நிப்பாட்டினவன் நான்."

தோணி சூடாவதில்லையே என்று மாயாண்டி தாழ்ந்த குரலில் இழுத்துப் பார்த்தார். மலையில் பிறந்தவருக்குக் கடல் விளங்காது என்று யோசெப் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார்.

தோணிக்குச் செய்வது போலவே குங்கிலியப் பிசினைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சினார். பஞ்சைத் திரித்து, தண்டைச் சுற்றி வெளிப்பக்கமாக உளியால் தட்டித் தட்டி இறுக்கினார். மேலே குங்கிலியம் பூசினார். பார்க்க அவ்வளவு அழகு. தோணியாக இருந்திருந்தால் அந்தோனியார் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்திருக்கலாம். செல்வநாயகம் ஒயிலை ஊற்றிவிட்டு, தலைவருக்குரிய இடமான முன்னுக்கு வந்து நின்றார்.

எஞ்சின் சூடாகச் சூடாகக் குங்கிலியம் இளகியது. பஞ்சு மெல்ல நாக்கு நீட்டியது. பிறகு ஒரே துப்பு. தலைவரின் வெள்ளை வேட்டி, இடுப்பிலிருந்து கீழே, வேறு நிறமாகியது. பாதிக் கானை மண் குடித்துவிட்டது.

யோசெப் கொட்டிலுக்குள் போய்க் குந்தினார். மாயாண்டி மெசினில் வழிந்த ஒயிலைத் துடைக்கப் போனார். அவருடைய மனைவி அழகம்மா வழக்கம்போலத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். திட்டியிருந்தாலாவது குடித்திருப்பார். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அது பெய்து தொலைந்தால், இடம் தந்தவனுடைய வயலைத் தின்றவன் என்ற பெயரோடு அதே வளவில் சீவிக்க வேண்டும்.

புனிதம் வாசலில் நின்று கேட்டாள்.

"தோணிக்கு எந்தப் பக்கத்தால பஞ்சு அடிக்கிறனீங்கள்?"

"வெளிப்பக்கத்தால. கடல் வந்து அமத்தினால்தானே பஞ்சு இறுகும்."

"அப்ப மெசினுக்குக் கடல் எங்க இருக்கு?"

யோசெப் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழும்பினார். கடல் உள்ளே இருந்தது, ஒயிலாக. வாழ்நாள் முழுக்க வெளியிலிருந்து அடைத்த கை, இங்கேயும் வெளியிலிருந்தே அடைத்திருக்கிறது.

மாயாண்டி எஞ்சினின் முன்மூடியைக் கழற்றினார். உட்பக்கத்துப் பள்ளத்தில் பழைய கம்பளி வளையம் ஊறின அப்பம் மாதிரிப் பிய்ந்து வந்தது. அந்தப் பள்ளத்துக்கு விரல் தடிப்பில் பருத்திப் பின்னல் வேண்டும். நைலோன் என்றால் சூட்டில் உருகிவிடும். யோசெப் கொட்டிலின் முகட்டைப் பார்த்தார். கயிறு அங்கே தொங்கியது. புனிதம் அவரைப் பார்த்தாள். பார்த்ததோடு நிறுத்தாமல் கத்தியையும் எடுத்துக் கொடுத்தாள்.

வெட்டினார். புரி பிரித்து, வலைக்குப் பின்னுவது போலப் பின்னி, ஆட்டுக் கொழுப்பில் ஊறவைத்து, உள்ளிருந்து இறுக்கினார். இனி ஒயில் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுக்குப் பின்னல் இறுகும். மிச்சப் பாதிக் கானோடு அரிசி ஆலையில் கெஞ்சி வாங்கிய கறுத்த ஒயிலையும் கலந்து ஊற்றினார்கள். செல்வநாயகம் இந்தமுறை மெசினுக்குப் பின்னால், அதுவும் ஒரு பாலைமரத்துக்குப் பின்னால், நின்று தலைமை தாங்கினார்.

மாயாண்டி மண் தள்ளினார். கட்டின் வாய் மூடியது. கடைசி மண்ணை அவர் தட்டிச் சமப்படுத்திவிட்டு இறங்க, மழை தொடங்கியது. வயல் தப்பியது. எஞ்சினிலிருந்து ஒரு துளி வெளியே வரவில்லை. அதன் அடியில் செல்வநாயகத்தின் மற்ற வேட்டியை விரித்துச் சோறு போட்டுச் சாப்பிட்டிருக்கலாம்.

இதுவரைக்கும் எழுதியதை நான் அவர்களுக்கு வாசித்துக் காட்டியபோது யோசெப் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். புனிதம் கீரை ஆய்கிற கையை நிறுத்தவில்லை.

"கடைசி ரெண்டு வரியையும் வெட்டுங்கோ அக்கா. ஒழுகினதுதான், சொட்டுச் சொட்டாய். அடியில பால்மாத் தகரப் பேணி ஒண்டைக் கட்டித் தொங்கவிட்டு, மாயாண்டி அண்ணர் நிப்பாட்டுற நேரமெல்லாம் நானும் அழகம்மாவும்தான் எடுத்துத் திருப்பி ஊத்தினனாங்கள். இவர் கட்டுக்கு மேல நிண்டு சனத்துக்குக் கடல்கதை சொல்லிக்கொண்டு நிண்டவர். பேணியைக் கட்டினதும் இவற்ற மிச்சக் கயிற்றாலதான்."