டார்லீன் அணைக்காத வண்டி

இழுவை வண்டியின் கொக்கியில் தொங்கிய தன் வண்டியை ஊர் மெக்கானிக் வெர்ன் இறக்கி முடிக்கும்வரை டார்லீன் ஹவ்ரிலுக் பனியிலேயே நின்றாள். உள்ளே வந்து உட்காரும்படி, வண்டி விற்ற கடையின் சர்வீஸ் மேஜையிலிருந்து கெல்வின் கண்ணாடி வழியே கை காட்டினான். அவள் அசையவில்லை. நாளை புதன்கிழமை. காலையில் ஓரெஸ்ட்டை டயாலிசிஸுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். அதற்குள் இந்த வண்டிக்கு உயிர் வர வேண்டும், இல்லையென்றால் இவர்கள் ஒரு மாற்று வண்டியாவது தர வேண்டும். மண்டைக்குள் வேறு எந்த நினைப்பும் இல்லை.

ஓரெஸ்ட் அவள் கணவன். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு இது மூன்றாவது குளிர்காலம். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் ஊரிலிருந்து இந்த யார்க்டன் நகரத்துக்கு வர வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம், இரண்டு பக்கமும் வெறும் வயல், வயல் முழுக்கப் பனி. பஸ் நின்றுபோய்ப் பல வருடம் ஆகிறது. நோயாளிகளை ஏற்றிவரும் வேனுக்குப் பெயர் கொடுத்தால் வசந்தத்தில் கூப்பிடுகிறோம் என்கிறார்கள். ஒரே மகள், அவளும் எங்கோ தூரத்தில், கால்கரியில்.

டார்லீன், பனிக்கட்டியில் கல் உருட்டி விளையாடும் கர்லிங் அரங்கின் சமையலறையில் பாதி ஆயுளைக் கழித்தவள். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் தட்டு பெரோகிக் கொழுக்கட்டை அவள் கையிலிருந்துதான் போகும். ஆனால் தன் வீட்டுக்கு யாராவது ஒரு தட்டு அனுப்பினால், மறுநாளே அதை நிரப்பித் திருப்பிக் கொடுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். யாரிடமும் கை நீட்டிப் பழக்கமில்லை. ஓரெஸ்ட்டுக்கு உடம்புக்கு வந்ததும், பழைய டிரக்கை நம்பி இந்தச் சாலையில் போக முடியாது என்று வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் புது வண்டி வாங்கினார்கள். வாரண்டி உண்டு, இஞ்சினுக்கு ஏதாவது ஆனால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விற்றவன் சொன்னது அவளுக்கு வேதவாக்கு. கண்ணாடி மூலையில் ஒட்டிய சீட்டில் எத்தனை கிலோமீட்டரில் அடுத்த சர்வீஸ் என்று எழுதியிருக்கும். அந்த எண் வருவதற்கு ஒரு வாரம் முன்பே கொண்டுபோய் நிறுத்திவிடுவாள். அதுவும் வாரண்டி கெட்டுவிடக் கூடாது என்று, வீட்டுக்கு எதிரே இருந்த வெர்னின் பட்டறையைத் தாண்டி, இவ்வளவு தூரம் வருவாள்.

நேற்று டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது பாதி வழியில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அப்புறம் இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற சத்தம். ஊர் எல்லையில் எல்லாம் அடங்கிவிட்டது. வெர்ன் வந்து முதலில் ஓரெஸ்ட்டைத் தன் வண்டியில் ஏற்றி வீட்டில் விட்டான். அப்புறம்தான் கொக்கியை எடுத்தான்.

"எங்கிட்ட ஆயில் மாத்துனா வாரண்டி செத்துப் போயிடும்னியே, மகராசி," என்றான் இப்போது, கையுறையைத் தட்டிக்கொண்டே. "இப்ப எது செத்திருக்கு?"

"வாயை மூடிக்கிட்டு உள்ள வா. காபி இலவசம்தான்."

கெல்வின் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு நெடுநேரம் கழித்து வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவள் எழுந்து நின்றாள்.

"சர்வீஸ் எல்லாம் சரியா பண்ணியிருக்கீங்க டார்லீன். ஒண்ணுகூடத் தவறல. ஆனா ஆயில் தார் மாதிரி ஆயிருக்கு. பம்பு இழுக்கவே இல்ல. இஞ்சின் போச்சு."

"போகட்டும். அதுக்குத்தானே வாரண்டி. புதுசு போடுங்க. அதுவரைக்கும் ஒரு வண்டி குடுங்க, நாளைக்குக் காலைல வேணும்."

"கம்பெனிக்காரங்க ஒத்துக்கிட்டாத்தான் மாற்று வண்டி. அவங்க ஆளு போன்ல உங்ககிட்ட ரெண்டு வார்த்தை கேக்கணுமாம்." அவன் தயங்கினான். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சுருக்கமா."

கம்பெனி ஆள் டொராண்டோ பக்கத்திலிருந்து பேசினான். மரியாதையான, களைத்த குரல்.

"வண்டியை எப்படி உபயோகிக்கிறீங்க மேடம்?"

"ஆஸ்பத்திரிக்குப் போக, வர. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு. மத்தபடி இஞ்சின் உறையாம இருக்க வீட்டு வாசல்ல கரண்ட் பிளக்குல மாட்டி நிக்கும்."

"கிலோமீட்டர் கம்மியாத்தான் காட்டுது. ஆனா இஞ்சின் ஓடின மணிக்கணக்கு ரொம்ப அதிகமா இருக்கு. ஆஸ்பத்திரியில நிக்கும்போது என்ன பண்ணுவீங்க?"

மேஜைக்குப் பின்னாலிருந்து கெல்வின் மெல்லத் தலையை ஆட்டினான். பயப்படாதீர்கள் என்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. சொல்லப்போனால், இந்த மூன்று வருடத்தில் தான் சரியாகச் செய்ததாக அவள் நினைத்திருந்தது இந்த ஒன்றுதான்.

"என்ன பண்ணுவேன், ஓடிக்கிட்டேதான் இருக்கும். அவர் உள்ள இருக்கிற நாலு மணி நேரமும். அங்க பிளக்கு கிடையாது. மெஷின்ல இருந்து வெளிய வரும்போது மனுஷன் இலை மாதிரி நடுங்குவார், தம்பி. ரத்தமே ஜில்லுன்னு ஆயிடுமாம். நானும் வண்டிக்குள்ளயே உக்காந்து ஹீட்டரைப் பாத்துக்கிட்டே இருப்பேன். ஒரு நாள்கூட அவரை ஜில்லுன்னு கிடக்கிற வண்டியில நான் ஏத்தினதில்ல."

அந்தப் பக்கம் ஏதோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"அதைக் கடுமையான உபயோகம்னு சொல்லுவோம் மேடம். குளிர்ல நின்னபடியே ஓடுற இஞ்சின்ல ஆயில் சீக்கிரம் கெட்டுடும். பாதி தூரத்துக்கே மாத்தியிருக்கணும். கையேட்டுல இருக்கு."

"சீட்டுல போட்டிருக்கிற தூரத்துக்கு முன்னாடியே நான் வந்துடுவேன்."

"தெரியுது மேடம். சிவப்பு விளக்கு எரிஞ்சதும் நிறுத்தினீங்களா?"

அவள் வெர்னைப் பார்த்தாள். அவன் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மைனஸ் முப்பத்திரண்டு டிகிரிக் குளிர்ல, ஊசி குத்தின கையோட, நடு ரோட்டுல அவரை எப்படி நிறுத்தி வைப்பேன்? நீங்க நிறுத்தியிருப்பீங்களா?"

"இல்ல," என்றான் அவன். "நிறுத்தியிருக்க மாட்டேன். ஆனா இதை என்னால பாஸ் பண்ண முடியாது. மன்னிச்சுக்குங்க."

தொலைபேசியை வைத்த பிறகும் அவள் கை அதன் மேலேயே இருந்தது.

"சொல்ல வேண்டாம்னு தலையை ஆட்டினேனே," என்றான் கெல்வின் தாழ்ந்த குரலில்.

"கேட்டாரே. கேட்டா சொல்ல வேண்டாமா?" பிறகு மேஜையின் மேல் குனிந்தாள். இப்படி ஒருவரிடம் அவள் குனிந்ததேயில்லை. "கெல்வின், அந்தப் பழைய வெள்ளை வண்டி சும்மாதானே நிக்குது. நாளைக்கு ஒரு நாள் குடு. கழுவித் திருப்பிக் கொண்டாந்து விடறேன். உங்க முதலாளிகிட்ட நான் பேசறேன். எத்தனை தடவை வந்திருக்கேன், ஒரு தடவையாவது 'வண்டியை நிறுத்தி வெச்சு இஞ்சினை ஓட விடுவீங்களா'ன்னு நீ கேட்டியா?"

கெல்வினின் காது சிவந்தது. "கேக்கல," என்றான். உள்ளே போய் முதலாளியிடம் பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். புது இஞ்சினை டார்லீன் சொந்தச் செலவில் போட்டால் எவ்வளவு ஆகும் என்று சொன்னான். அந்தத் தொகை வண்டி விலையில் பாதி. அதைக் கேட்டு வெர்ன் மட்டும் விசில் அடித்தான்.

திரும்பும் வழியில் வெர்ன் சொன்னான்: "இந்தப் பக்கத்துல எவன் வண்டியை அணைக்கிறான், சொல்லு. கோ-ஆப் கடை வாசல்ல போய்ப் பாரு, ஆளே இல்லாம ஆறு வண்டி புகை விட்டுக்கிட்டு நிக்கும். கையேட்டை எழுதினவன் ஜனவரியில இங்க வந்து நிக்கணும்." கொஞ்ச தூரம் போனதும் அவனே, "நாளைக்கு நான் கொண்டுபோய் விடறேன்," என்றான். "ஆனா காத்திருக்க முடியாது. சாயங்காலம் வந்து கூட்டிட்டு வரேன். வெள்ளிக்கிழமை எனக்கு ரெஜைனா போகணும். அது நடக்காது."

வீட்டில் ஓரெஸ்ட் சாய்வு நாற்காலியில் இருந்தான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"விட்டுடலாம் டார்லீன்."

"எதை?"

"எல்லாத்தையும். டயாலிசிஸை நிறுத்தினவங்க இருக்காங்க. வலிக்காதுன்னு நர்ஸே சொல்லியிருக்கா. தூங்கற மாதிரியாம். நீ இந்த ரோட்டுல கிடந்து சாக வேண்டாம்."

அவள் அடுப்படிக்குப் போனாள். அவனுக்குப் பொட்டாசியம் சேரக் கூடாது என்று உருளைக்கிழங்கை இரண்டு தண்ணீரில் வேக வைப்பாள். முதல் தண்ணீரைக் கொட்டும்போது ஆவி முகத்தில் அடித்தது. அங்கிருந்தே பேசினாள்.

"வண்டி போனதுக்கு நீ சாகறேன்னு சொன்னா ஊர்ல என்ன சொல்லுவாங்க தெரியுமா? 'சர்வீஸ் பண்ணத் தெரியாம புருஷனைக் கொன்னுட்டா'ம்பாங்க. எனக்கு அந்தப் பேரு வேண்டாம்."

"உனக்குப் பேருதான் முக்கியம்."

"ஆமா. சாப்பிட வா."

மறுநாள் காலை அவன் எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்தே கிடந்தான். வாசலில் வெர்ன் ஹாரன் அடித்தான். டார்லீன் காலணியை எடுத்து வந்து கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு அவன் காலில் மாட்டத் தொடங்கினாள். அவசரத்தில் கயிறு முடிச்சில் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது இடது கால் பூட்ஸு," என்று ஓரெஸ்ட் எழுந்து உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு வெர்ன் போய்விட்டான். காத்திருக்க வண்டியில்லாமல் டார்லீன் முதல் தடவையாக உள்ளே வந்து உட்கார்ந்தாள். பாதி திறந்த கதவு வழியே, கம்பளிக்குள் சுருண்டு, குழாயில் தன் ரத்தம் போய் வருவதைப் பார்க்காமல் கண்ணை மூடிக் கிடக்கும் ஓரெஸ்ட் தெரிந்தான். இவ்வளவு சிறிய ஆளாகவா ஆகிவிட்டான் என்று இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இருப்பது ஒரே ஒரு நாள். இந்த வெள்ளி கழிந்தால் அடுத்த திங்கள், அப்புறம் புதன். ஒருவரிடம் ஒரு தடவை கேட்டுத் தீர்கிற காரியமில்லை இது.

சுவரோரம் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் உள்ளே ஒருவரை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள். டார்லீன் கோட்டின் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் அருகே போய் உட்கார்ந்தாள்.

"நீங்க எந்தப் பக்கத்துல இருந்து வர்றீங்க?"

"மெல்வில். ஏன்?"

"நாங்க காம்சாக் பக்கம். வெள்ளிக்கிழமைக்கு... எங்க வண்டி..." பொத்தானை விட்டுவிட்டு முழுவதும் சொல்லி முடித்தாள்.

அந்தப் பெண் ஊசியை மடியில் வைத்தாள். "ஐயோ, எங்களுக்கு நேர் எதிர்ப் பக்கமாச்சே."

"பரவாயில்ல," என்றாள் டார்லீன். எழுந்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்து உட்கார்ந்திருந்த கிழவரின் பக்கத்து நாற்காலிக்குப் போனாள். அவர் தூங்குகிறாரா இல்லையா என்று தெரியவில்லை. தோளைத் தொட்டு எழுப்பினாள்.