ராஜா தொட்ட கழுத்து

இங்கிலாந்தில் எங்கள் சாமர்செட் பக்கத்தில் கழுத்துக் கழலைக்கு ஒரே வைத்தியம்தான். ராஜா தொட வேண்டும். நிஜ ராஜா தொட்டால்தான் ஆறும், போலி தொட்டால் கை அழுக்குதான் மிச்சம்.

அடுத்த வீட்டுக்காரி பெயர் தாமசின், பாலாடைக்கட்டி செய்து விற்பவள். அவள் மகள் ஜூடித்துக்குக் கழுத்து வீங்கிப் புண்ணாகிவிட்டது. அந்த ஜூனில்தான், இறந்துபோன ராஜாவுக்கு வைப்பாட்டியிடம் பிறந்த மகன் சிம்மாசனம் தனக்கே என்று கப்பலில் வந்து இறங்கினார். லண்டனில் அவருடைய சித்தப்பா ஏற்கெனவே முடிசூடி உட்கார்ந்திருந்தார். கப்பலில் வந்தவர் எங்கள் ஊரைக் கடந்தபோது தாமசின் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர் குதிரையிலிருந்து குனிந்து கழுத்தைத் தொட்டார். அடுத்த வாரமே புண் காய்ந்துவிட்டது.

அவள் புருஷன் எலியாஸ் நெருப்பருகே உட்கார்ந்தால் எழாதவன். அவன் புல்லறுக்கும் அரிவாளை எடுத்துக்கொண்டு அவர் படையில் சேரக் கிளம்பினான்.

"இதுக்கு மேல என்னடி சாட்சி வேணும்? இவர்தான் ராஜா."

"மாட்ட யாரு கறக்குறது?"

"எப்பவும் நீதானே கறக்குற!"

சண்டையில் தோற்றார்கள். எலியாஸைத் தூக்கிலிட்டு, வெட்டி, தார் பூசி நாற்சந்தியில் தொங்கவிட்டார்கள். தாமசின் அழவில்லை. அதன் கீழேதான் தினமும் சந்தைக்குப் போனாள், வந்தாள். விலை கேட்டால் சொன்னாள், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு முன் ஜூடித்தின் கழுத்து மறுபடி வீங்கியது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். தாமசினோ பாலாடைக்கட்டிக்கு உப்புத் தடவிக்கொண்டே, "அப்ப அவரு ராஜா இல்ல போல" என்றாள்.

"லண்டனுக்குக் கூட்டிட்டுப் போடி."

"இவங்கப்பன தூக்குல போட்டவருகிட்டயா?"

"கை எவனோடதா இருந்தா என்ன? கழுத்து உன் பொண்ணோடது."

அரண்மனையில் ஒரு விதி உண்டு. முன்பு தொடப்படாத பிள்ளை என்று ஊர்ப் பாதிரியார் உறுதி தர வேண்டும். அவரிடம் போனபோது நானும் கூடப் போனேன். ஜூனில் கூட்டத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர்தான் பாதிரியார். தலை நிமிராமல் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி இந்தப் புள்ளைய எந்த ராஜாவாவது தொட்டிருக்காரா?"

"இல்லைங்க ஐயா. எந்த ராஜாவும் தொடல."

"அம்மா, அப்பாதானே சொன்னாரு, அவருதான்..."

"உங்கப்பாவுக்கு ஆள் தெரியல" என்றாள் தாமசின், குரல் மாறாமல்.

பாதிரியார் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அன்று மட்டும் நாற்சந்திப் பக்கம் போகாமல், முழங்கால் சேற்றில் வயலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.