ஓடைமேட்டைப் பற்றிக் கேட்டவருக்கு நான் சொன்ன பதில்

நான் பிறந்த தெருவின் பெயரை நாறடித்தவன் நான்தான். யாரோ செய்த வேலை என்று இத்தனை ஆண்டுகள் நடித்துவிட்டேன். நீங்கள் கடலூர்க்காரர் என்றால் ஓடைமேடு என்ற பெயரைக் கேட்டதும் உங்கள் முகம் லேசாகச் சுளித்திருக்கும். அந்தச் சுளிப்பு என் கைவேலை.

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்கு அந்தப்புறம், ஓர் ஓடையை ஒட்டிய நான்கு தெருக்கள்தான் ஓடைமேடு. மூட்டை தூக்குகிறவர்கள், பெயிண்டர்கள், மீன் விற்கிறவர்கள், ஆசிரியர் பயிற்சி முடித்த பெண்பிள்ளைகள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். திருட்டு இருந்ததா? இருந்தது. குடித்துவிட்டு வெட்டிக்கொண்டவர்களும் உண்டு. அதை மூடி மறைக்க நான் வரவில்லை.

2004-இல் ஒரு நாளிதழுக்குக் கடலூர் நிருபராகச் சேர்ந்தேன். சிதம்பரத்தில் படிப்பை முடித்து, செம்மண்டலத்தில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தேன். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சொந்த ஊர் எது என்று கேட்டவர்களிடமெல்லாம் கம்மாபுரம் என்றேன். அங்கே என் தாய்மாமன் வீடு இருந்தது, அவ்வளவுதான். உண்மை தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றுமே ஆகியிருக்காதோ என்னவோ... ஆனால் அப்போது எனக்கு அது உயிர் போகிற விஷயமாக இருந்தது.

எப்படி எழுதினேன் தெரியுமா? கஞ்சா வைத்திருந்ததாக இரண்டு பையன்களைப் பிடித்தார்கள். ஒருவன் ஓடைமேடு. இன்னொருவன் பெரிய டாக்டர் ஒருவரின் மகன். ஓடைமேட்டுப் பையனுக்குப் பெயர், வயது, தெரு எல்லாம் போட்டேன். டாக்டர் மகன் வெறும் 'நண்பர்' ஆனார். புறவழிச்சாலையில் வெளியூர்க்காரர்கள் இருவர் வெட்டிக்கொண்டதில் ஒருவர் செத்துப்போனார். உடல் ஓடைப் பக்கமாகக் கிடந்தது என்பதற்காக 'ஓடைமேட்டில் பயங்கரம்' என்று தலைப்பு வைத்து ஃபேக்ஸ் அனுப்பினேன். போலீஸ் கொடுத்த குறிப்பில் அந்தப் பெயரே கிடையாது!

'ரவுடிகளின் கூடாரம்' என்ற பட்டமும் நான் கொடுத்ததுதான். சென்னை அலுவலகத்தில் செய்தியைத் திருத்துகிறவருக்கு அது பிடித்துப்போயிற்று. அதன்பின் நான் விட்டாலும் அவரே சேர்த்துக்கொண்டார். மற்ற நிருபர்களைவிட நான் ஒரு படி காரமாகவே எழுதினேன். ஓர் இடத்தை அவ்வளவு கேவலமாக எழுதுகிறவன் அந்த இடத்துக்காரன் என்று யாருக்குத் தோன்றும்? சொல்லுங்கள்... உங்களுக்குத் தோன்றியிருக்குமா?

ஓடைமேட்டில் நான் பழக்கத்தை விடாதது குமாரிடம் மட்டும்தான். எங்கள் எதிர்வீட்டுக்காரன், ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன், லாரிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். நான் ஊரை மாற்றிச் சொல்வதை "பொழப்புக்குத்தான மச்சான்" என்று விட்டுவிட்டான். ஆனால் குற்றச் செய்திகளை எழுதுகிறவன் வேறு ஆள் என்று அவனிடம் புளுகியிருந்தேன். நான் கோயில் செய்தியும் கலெக்டர் ஆபீஸ் செய்தியும் எழுதுவதாக நம்பினான். செய்தியில் நிருபரின் பெயர் வராதே... வசதியாகப் போயிற்று.

2007-இல் அவன் தங்கை ஜெயந்திக்குச் சிதம்பரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியர், இவளும் ஆசிரியை. பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். பூ வைப்பதற்கு முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். அந்த விசாரிப்புக்குத்தான் குமார் என் செல்போன் நம்பரைக் கொடுத்திருந்தான்.

"பேப்பரப் பாத்துட்டு அவுங்க ஜாஸ்தி பயப்படறாங்க மச்சான். நீ பேப்பர்காரன். நீ ஒரு வார்த்த சொன்னா போதும்" என்றான்.

அவன் வீட்டில்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஜெயந்தி காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "அவுங்க கேட்டா உள்ளத சொல்லுங்கண்ணா, அது போதும்" என்றாள். சொல்கிறேன் என்றேன். மனசாரத்தான் சொன்னேன், நம்புங்கள்.

அழைப்பு வந்தபோது நான் காவல் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றேன். இன்ஸ்பெக்டர் ஒருவரும் இரண்டு நிருபர்களும் பக்கத்தில் இருந்தார்கள். பேசியவர் மாப்பிள்ளையின் அப்பா.

"தம்பி, பொண்ணு தங்கமான பொண்ணு, அதுல ஒண்ணுமில்ல. அந்த ஓடைமேடு எப்படிங்க? பேப்பர்ல வர்றதெல்லாம் நெசந்தானா? நீங்க நல்லா இருக்குன்னு சொன்னா நாங்க கண்ண மூடிக்கிட்டு செஞ்சிடுவோம்."

நிஜமில்லை என்று சொன்னால் நான் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். எப்படித் தெரியும் என்று கேட்டால், நான் அந்தத் தெருவில் பிறந்தவன் என்று சொல்ல வேண்டும். அத்தனை பேர் காதிலும் விழும். இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"பாத்து செய்யுங்க சார்" என்றேன்.

அவ்வளவுதான். மூன்றே சொல்... அதற்கு என்ன பொருள் என்று தமிழ் பேசும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவர் ரொம்ப நன்றி தம்பி என்று வைத்துவிட்டார். நன்றி சொன்னார் எனக்கு!

அந்த வாரமே குமார் என் வீட்டுக்கு வந்தான். மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தைக் காரணம் சொல்லிவிட்டார்களாம். "நீ சொல்லியும் கேக்கலயே மச்சான் அவுங்க" என்று அவன்தான் என்னைச் சமாதானப்படுத்தினான். ஜெயந்தி பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் படுத்திருப்பதாகச் சொன்னான். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அவன் காலில் விழுந்திருக்கலாம். சாப்பிட்டுவிட்டுப் போ என்று மட்டும் சொன்னேன்.

அத்தோடு திருந்தினேன் என்று நினைக்காதீர்கள். மறுவாரமே ஒரு சங்கிலிப் பறிப்பில், ஆள் யாரென்றே தெரியாதபோதும், அவன் ஓடைமேட்டுப் பக்கம் ஓடியதாக எழுதினேன். மாப்பிள்ளையின் அப்பா கேட்டபோது அப்படிச் சொல்லிவிட்டேனே... ஓடைமேடு மோசமாகவே இருந்தாக வேண்டியிருந்தது எனக்கு. என்ன பிறவி நான்?

அதன்பின் இரண்டு வரன்கள் ஓடைமேடு என்றதும் வீட்டுக்கே வராமல் நின்றன. 2010-இல் மறுபடியும் சிதம்பரத்திலிருந்து ஒன்று கூடிவந்தது. இந்த முறையும் உன் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன் என்றான் குமார். தலையாட்டினேன். இந்தத் தடவை உள்ளதைச் சொல்லிவிடுவது என்று, கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். நான் அங்கேதான் பிறந்தேன் ஐயா, நல்ல ஜனங்கள் ஐயா, நான் எழுதியதை நம்பாதீர்கள் ஐயா என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன்.

செல்போன் அடித்தது. சிதம்பரத்து எண். வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன், கேட்பதற்கு ஒரு காதும் இல்லை. கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. விசாரிக்கச் சொன்ன ஆளே பேச மறுத்தால் பெண் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்... தெரிந்துதான் நின்றேன்.

இது 2012. ஜெயந்தி இன்னும் அந்த வீட்டிலிருந்துதான் பள்ளிக்குப் போகிறாள். குமாரின் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அந்த வரனும் போன அன்று அவன் என்னைத் தேடி வந்திருந்தான்.

"நீ போன எடுக்கலன்னு சொன்னாங்க மச்சான். வேலையா இருந்திருப்ப, நான் சொல்லிட்டேன் அவுங்ககிட்ட" என்றான்.

ஆமாம், வேலையாக இருந்தேன் என்றேன்.