பல்லில் கயிறு, வெளியே தகரக் கை

காரில் இருந்தவர்கள் அப்பா, லைசென்ஸ் கொடுக்கும் துரை, பின்சீட்டில் மொழிபெயர்க்க நான். வராதவர் அம்மா, வந்தும் உதவாதது அப்பாவின் இடது கால். துறைமுகத்தில் அரிசி மூட்டை விழுந்ததிலிருந்து அது அப்படித்தான். லைசென்ஸ் கிடைத்தால்தான் அவர் மறுபடி வாடகைக் கார் ஓட்ட முடியும்.

கிளச்சைக் கையால் இழுக்க, சீனக் கொல்லர் ஒருவர் இரும்புத் தண்டு பொருத்தித் தந்திருந்தார். திரும்பும்போது இடக்கை தண்டில், வலக்கை ஸ்டியரிங்கில். சைகை காட்டக் கை ஏது? அதற்காகக் கதவுக்கு வெளியே ஒரு தகரக் கை. அதன் கயிறு அப்பாவின் பல்லில். இழுத்தால் கை நீளும்.

பள்ளிவாசல் முனையில் வலப்பக்கம் திரும்பக் கை நீண்டது. அந்த நேரம் பார்த்து, “எத்தனை வருஷமாக ஓட்டுகிறார்?” என்று துரை கேட்டார். மொழிபெயர்த்தேன். அப்பா உறுமினார்.

“துரை கேக்கிறாருப்பா, பதில் சொல்லுங்க.”

“பன்னெண்டு வருஷம்டா!”

கயிறு நழுவிக் கை விழுந்தது. கார் நேராகப் போகிறதென்று நம்பி, நாசி கண்டார் சோறும் குழம்பும் விற்கும் பாய், தோளில் சட்டி தொங்கும் காவடியோடு குறுக்கே வந்துவிட்டார். அப்பா பிரேக்கை மிதித்தார். கார் ஒரு முழம் தள்ளி நின்றது. பாய் துள்ளியதில் சட்டி உடைந்தது.

“கையக் காட்டுறே, மடக்குறே, வெளாட்டா அண்ணே? கோழிக் கொழம்பு போச்சுலா!”

“என்னெத் திட்டாதே பாய். படிச்சவன் பின்னாடி ஒக்காந்திருக்கான்.”

பிரேக் பிடித்த விதத்துக்காகத் துரை லைசென்ஸ் தந்தார். திருப்பத்தில் அப்பாவிடம் யாரும் பேசக் கூடாது, முக்கியமாக நான் பேசக் கூடாது என்றார். அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். குழம்புக்கும் சட்டிக்குமாக மூன்று வெள்ளி இருபது காசு ஆயிற்று.