தங்கச்சியின் யூனிஃபோம்

நோயாளிப் பிள்ளை ஒன்றைக் குள்ளம் என்று கேலி செய்து, இரண்டு வருடம் சரியான வைத்தியம் கிடைக்காமல் செய்தவன் நான். தோட்ட டிஸ்பென்சரி வேலைக்கு வரும் இளையவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருத்துவ உதவியாளர். கொழுந்தெடுக்கும் ராஜேஸ்வரி, மகள் கவிதாவை அடிக்கடி அழைத்து வருவார். பதினொரு வயது. வயிற்றுவலி, பேதி, சில நேரம் இரத்தம். ஒவ்வொரு முறையும் பூச்சி மருந்துதான் கொடுத்தேன்.

"டொக்டர் ஐயா, ரெண்டு வருஷமா அதே யூனிஃபோம்தாங்க இவளுக்கு அளவா இருக்கு."

"தோட்டத்துப் பிள்ளைங்க குள்ளந்தானே. துணி மிச்சம்னு நெனச்சுக்க" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கவிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு ஒரு நாள் இரண்டு மகள்களும் வந்தார்கள். இளையவளுக்கு ஒன்பது வயது, அக்காவைவிட உயரம். அவளுக்குச் சிறுத்துப்போன யூனிஃபோமைத்தான் கவிதா போட்டிருந்தாள். ஒரே லயத்து வீடு, ஒரே சாப்பாடு. பிறகு ஒருத்தி மட்டும் ஏன் வளரவில்லை?

மறுநாள் முதல் பஸ்ஸில் நானே தாயையும் கவிதாவையும் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பிள்ளை வைத்திய நிபுணரிடம், "பூச்சி மருந்து கொடுத்தே காலம் கடத்தினது நான்தான் மேடம்" என்று ஒப்புக்கொண்டேன். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்ததில் குரோன்ஸ் என்னும் குடல் அழற்சி என்று தெரிந்தது. ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், சோறு, ரொட்டி எதுவும் இல்லை. விசேஷ சத்துப்பால் மட்டும். அதைக் குடிக்க முடியாமல் போனால் ஸ்டீரொய்ட் கொடுக்க வேண்டிவரும், அது வளர்ச்சியை இன்னும் பின்னுக்கு இழுக்கும் என்றார் நிபுணர்.

திரும்பும் வழியில் ராஜேஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அது கெடக்கட்டுங்க. இந்தப் பாலை இவ குடிக்கிறதுக்கு வழி பண்ணுங்க."

லயத்தில் ரொட்டி வாசனை வந்தால் பிள்ளைக்குப் பால் இறங்காது. அதனால் காலைப் பாலை டிஸ்பென்சரியில் நானே கரைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கவிதா கோப்பையைத் தள்ளிவிட்டாள்.

"நீங்க குடிங்க பாப்போம்."

ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தேன்.

"அன்னைக்கு எல்லாரையும் சிரிக்க வச்சீங்கல்ல? முழுசா குடிங்க!"

வரிசை பார்த்துக்கொண்டிருக்க முழுவதையும் குடித்தேன். "அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்று அவர்கள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். கவிதாவுக்கு வேறு கோப்பை கரைத்தேன். குடித்தாள். ஆறு கிழமையும் குடித்தாள்.

டிஸ்பென்சரிக் கதவு நிலையில் உயர அளவைக் கோடாகப் போட்டு, வரும் பிள்ளைகளையெல்லாம் அளக்கத் தொடங்கினேன். அதனால் இன்னும் இரண்டு பிள்ளைகளை நேரத்தோடு பதுளைக்கு அனுப்ப முடிந்தது. என் சேவைக்காலம் முழுவதிலும் நான் பெருமைப்படுவது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான். ஒரு பிள்ளை வளரவில்லை என்று தாய் சொன்னால், முதலில் அளந்து பாருங்கள்.

கவிதாவின் நோய் அடங்கியிருக்கிறது, மாத்திரை தொடர்கிறது. இழந்த உயரம் முழுவதும் திரும்புமா என்று நிபுணரும் உறுதி சொல்லவில்லை.

அடுத்த ஜனவரியில் ராஜேஸ்வரி தங்கச்சியின் அந்தப் பழைய யூனிஃபோமைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். வரிசை முழுவதும் கேட்கிற குரலில் சொன்னார்:

"டொக்டர் ஐயா, முழங்காலுக்கு மேல ஏறிருச்சுங்க! துணி மிச்சம்னு சொன்னீங்களே, இப்ப எங்கங்க மிச்சம்?"