தியாகு படத்தில் ஓடும் தறி

தியாகு, நீ என் யோசனையைத் திருடியவன். ஆரணியில் பிறந்த ஒரு பழைய இசையமைப்பாளரின் மெட்டுகளை ஜாஸில் வாசித்து அவருக்கு மரியாதை செய்கிறாய். அதை ஆவணப்படமாகவும் எடுத்துவிட்டார்கள். அவருடைய தாளம் கைத்தறியிலிருந்து வந்தது என்று, நாம் ஒரே குழுவில் வாசித்த காலத்தில் உனக்குச் சொன்னவன் நான். படத்தில் என் பெயர் இல்லை.

அந்த ஆத்திரத்தில் பஸ் ஏறி ஆரணிக்கு வந்திருக்கிறேன். பட்டு நெய்யும் கௌரி அக்காவின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தை போனில் காட்டுகிறேன். நீ கண்ணை மூடி சாக்ஸபோன் வாசிக்கிறாய். பின்னால் தறி ஓடுகிறது. அக்கா நெய்வதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார்.

"இன்னாங்க இது, பவர்லூம் சத்தத்தப் போட்டு வச்சிகிறாங்க. கைத்தறி இப்டி ஓயாம அடிச்சிகினு இருக்காது. இழை அறுந்தா நிக்கணும். முடிச்சு போட்டுட்டுதான் அடுத்த அடி."

எனக்கு இனிக்கிறது. "அப்போ இவனுக்கு ஒண்ணும் தெரியல, இல்லக்கா?"

"சத்தம் தப்புதாங்க. ஆனா இவரு இழை அறுந்த மாதிரியே நின்னு நின்னு வாசிக்கிறாரே. இன்னொரு தபா போடுங்க."

போடுகிறேன். அப்படி நிற்க வேண்டும் என்று சொன்னதும் நான்தான். நான் வாசித்தால் அது வருவதில்லை.

அடுத்த திரையிடலில் மைக்கைப் பிடித்து, எல்லார் முன்னாலும் பதில் சொல், தியாகு. அந்த இடத்தில் நிற்கச் சொன்னது யார்?